கறுத்தால் குறை

திங்கள்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு என் வீட்டுக்காரருடைய நெஞ்சை நானே எக்ஸ்ரே எடுத்தேன். மூன்று ஐந்துக்கெல்லாம் அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் வரை அவரிடம் சொல்லவில்லை. நடுவில் நான் செய்த காரியம், ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு குன்று ஏறி, சூரியன் மறைவதைப் படம் எடுக்கக் கற்றுக்கொண்டது. கேட்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கும். எனக்கும் அப்போதே அப்படித்தான் இருந்தது.

இருபத்திரண்டு வருடமாக அந்த எக்ஸ்ரே அறைதான் என் பிழைப்பு. ஒரு நீள மேசை, சுவரோடு நிற்கும் பலகை, ஆணியில் தொங்கும் ஈயக் கவசம், பட்டனை அழுத்தும்போது நான் போய் நிற்கும் கண்ணாடித் தடுப்பு. "மூச்சை நல்லா இழுங்க, புடிச்சுக்கோங்க, அசையாதீங்க, விடுங்க" என்று ஒரு நாளைக்கு அறுபது தடவையாவது சொல்லுவேன். சட்டையை மாட்டிக்கொண்டே எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "என்னங்க தெரியுது?" என் பதிலும் ஒன்றுதான்: "டாக்டர் சொல்வாங்க." படம் எடுப்பவள் படத்தைப் படித்துச் சொல்லக் கூடாது. அது எங்கள் வேலையில் எழுதி வைத்த சட்டம். ஆனால் கண்ணுக்குச் சட்டம் தெரியுமா? இத்தனை வருடத்துக்குப் பிறகு படம் திரையில் வந்த உடனேயே எனக்குப் புரிந்துவிடும். புரிந்ததை மென்று முழுங்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

எனக்கு ஒரு திமிரும் உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு படம்தான். கோணல், அசைவு, பாதி நுரையீரல் வெட்டுப்பட்டது என்று இரண்டாவது தடவை நிற்க வைக்கிற பேச்சே என்னிடம் கிடையாது. புதிதாக வந்த பெண்கள் மூன்று தடவை எடுத்துவிட்டுக் கையைப் பிசைவதைச் சாப்பிடும்போது சொல்லிச் சொல்லி வீட்டுக்காரர் காதைப் புண்ணாக்கியிருக்கிறேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பொறுமைசாலி. இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஆட்களிடம் கதவுக்கு வெளியில் நின்று "ஒண்ணும் இல்லை, பத்து நிமிஷம், என்ன சாப்பிட்டீங்க காலையில?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலையைப் பார்ப்பார். நான் அப்படியே எதிர். அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் நாலு தடவை மூடியைத் திறந்து பார்க்கிற ஜாதி. மூன்று வாரமாக அவருக்கு இருமல். "லிஃப்ட் குழிக்குள்ள தூசி, வேற என்ன" என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். நான்தான் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"மூச்சை இழுங்க, புடிங்க" என்றேன். என் டூட்டிக் குரலைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றார். பட்டனை அழுத்தினேன். படம் வந்தது. வலது பக்கம் மேலே, காறை எலும்புக்குக் கீழே, வெள்ளையாக ஒரு வட்டம். சட்டைப் பொத்தான் அளவு.

பலகையில் அழுக்கு இருக்கும், சட்டைப்பையில் ஏதாவது மறந்திருப்பார் என்று மனசு சாக்குத் தேடியது. அவர் இடுப்புக்கு மேலே வெறும் உடம்போடுதான் நின்றுகொண்டிருந்தார்.

"அசைஞ்சிட்டீங்க. இன்னொண்ணு எடுக்கணும்" என்றேன்.

"நானா? சரி" என்றார். இன்னொன்று எடுத்தேன். வட்டம் அதே இடத்தில் இருந்தது.

சின்ன டாக்டர் படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், வெள்ளிக்கிழமை நெஞ்சு டாக்டர் வருவார், அவரிடம் காட்டுங்கள் என்று சீட்டில் எழுதினார். அவர் வாரத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். நடைவழியில் நின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர், எல்லோரையும் போலவே கேட்டார்.

"என்ன தெரியுது?"

"பெரிய டாக்டர் வெள்ளிக்கிழமை சொல்வாரு" என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "சரி" என்றார். எனக்கு அந்த "சரி" நெஞ்சில் வந்து குத்தியது.

வீட்டுக்குப் போனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் குனிந்தால் பார்க்கிறேன், நிமிர்ந்தால் பார்க்கிறேன், தண்ணீர் குடித்தால் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்கிறேன். இருமினால் அடுக்களையிலிருந்து ஓடிவந்து, ஓடிவந்ததற்குக் காரணம் தெரியாமல் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டுப் போகிறேன். "என்ன, வீட்லயும் டூட்டியா?" என்று கேட்டார். இன்னும் ஒரு மணி நேரம் அவர் எதிரில் இருந்தால் வாயிலிருந்து கொட்டிவிடும் என்று பயமாக இருந்தது. சொன்னால் நாலு நாள் அவர் தூக்கம் போகும். நாலு நாளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இதை நான் நிஜமாகவே அவருக்காகத்தான் செய்கிறேன் என்று நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை அலமாரியைக் குடைந்தபோது அந்தக் கேமரா கிடைத்தது. என் கொழுந்தனார் புதிது வாங்கியபோது பழையதை மூன்று கால் ஸ்டாண்டோடு எங்கள் தலையில் கட்டியிருந்தார். ஒரு வருடமாக அது போர்வைகளுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"சூரியன் மறையறதைப் படம் எடுக்கக் கத்துக்கப் போறேன்" என்று அறிவித்தேன்.

"நீயா? ஒரு இடத்துல நின்னா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. நான் கேமராவோடு வாசலைத் தாண்டிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி கட்டின குன்று ஒன்று இருக்கிறது. நூற்றுப் பதினெட்டுப் படி. மேலே போனால் மேற்கே ஏரி, ஏரிக்கு அந்தப் பக்கம் வயல், அதற்கும் அப்பால் மின்கம்பங்கள் வரிசை. பஸ்ஸில் போகும்போதே கைபேசியில் பாடம் கேட்டுக்கொண்டு போனேன். வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு தொப்பி போட்டிருக்கும் ஒரு ஆள் சொல்லிக்கொடுத்தார். "ஐ.எஸ்.ஓ நூறுல வைங்க. அபர்ச்சர் பதினொண்ணு. இது ரெண்டையும் தொடவே தொடாதீங்க. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கணும்ங்கிறதை மட்டும் மாத்திக்கிட்டே வாங்க. முக்கியமா, அவசரப்படாதீங்க." நிமிடத்துக்கு ஒரு தடவை அவசரப்படாதீங்க என்றார். அவர் வீட்டு நெஞ்சில் பொத்தான் இல்லை, சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு அலட்சியமும் இருந்தது. எவ்வளவு ஒளி, எவ்வளவு நேரம். இதைத்தானே இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன், இந்தத் தொப்பிக்காரர் எனக்குச் சொல்லித்தருவதா?

ஸ்டாண்டை விரித்துக் கேமராவை மாட்டினபோது சூரியன் வயலுக்கு மேலே இரண்டு விரல்கடை உயரத்தில் இருந்தது. ஐ.எஸ்.ஓ நூறு, அபர்ச்சர் பதினொன்று, ஷட்டர் ஒரு நொடியில் ஐநூறில் ஒரு பங்கு. எடுத்தேன். திரையில் பார்த்தால் ஏரியும் இல்லை, வயலும் இல்லை, சூரியன் ஒரு சிவந்த பொட்டு, மற்றதெல்லாம் கறுப்பு. கறுப்பா? கை தானாக ஷட்டர் சக்கரத்தைத் திருப்பியது. ஆயிரத்தில் ஒரு பங்கு. இன்னும் கறுப்பு. இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அடுப்புக் கரி மாதிரி வந்தது. நாலாயிரம். சூரியன் ஒரு விரல்கடைக்கு வந்துவிட்டது. நான் திருப்பத் திருப்பப் படம் கறுத்துக்கொண்டே போனது, சூரியன் இறங்கிக்கொண்டே போனது, எனக்கு உச்சி மண்டை சூடேறிக்கொண்டே போனது. கடைசியில் சூரியன் வயலுக்குப் பின்னால் போய்விட்டது. "ஓட்டைக் கேமராவை நம்ம தலையில கட்டிட்டாரு" என்று கொழுந்தனாரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு படி இறங்கினேன்.

வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிற மகளுக்குக் கடைசிப் படத்தை அனுப்பினேன். "அம்மா, லென்ஸ் மூடியைக் கழட்டினியா?" என்று பதில் வந்தது. அவளிடமும் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

வீட்டில் அவர் ஹாலில் உட்கார்ந்திருந்தார். விளக்குப் போடவில்லை. சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளி மாற்றிப் போட்டிருந்தார். "இருட்டுல என்ன பண்றீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுக்களைக்குப் போனேன். சாப்பாடு முடிகிற வரை ஐ.எஸ்.ஓ, அபர்ச்சர் என்று நானே பேசிக்கொண்டிருந்தேன். அவர் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மறுபடியும் நூற்றுப் பதினெட்டுப் படி. மறுபடியும் முதல் படம் கறுப்பு. மறுபடியும் என் கை சக்கரத்தை அதே பக்கம் திருப்பியது. திருப்பிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்களுக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. பிலிம்தான். இருட்டறையில் கழுவி, சொட்டச் சொட்டத் தூக்கிப் பார்ப்போம். எக்ஸ்ரே பிலிமில் கதிர் பட்ட இடம் கறுக்கும், படாத இடம் வெளுக்கும். படம் ரொம்பக் கறுத்திருந்தால் கதிர் அதிகம் என்று அர்த்தம், குறைக்க வேண்டும். "கறுத்தால் குறை, வெளுத்தால் கூட்டு" என்று இருட்டறைக் கதவில் நானே ஒரு அட்டையில் எழுதி ஒட்டியிருந்தேன். அந்த அட்டை கிழிந்து பத்து வருடம் ஆகிறது. என் கையிலிருந்து கிழியவில்லை. இந்தக் கேமராவிலோ கறுப்பு என்றால் ஒளி போதவில்லை, கூட்ட வேண்டும். நான் இரண்டு நாளாகக் குறைத்துக் குறைத்துச் சூரியனையே கொன்றுகொண்டிருந்தேன். உலகத்தில் வேறு எவளும் செய்ய முடியாத தப்பு. தொட்டியடியில் தனியாக நின்று சிரித்தேன். வாக்கிங் வந்த ஒருவர் சற்று ஒதுங்கிப் போனார்.

சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பினேன். இருநூற்றைம்பது. நூற்றிருபத்தைந்து. அறுபதில் ஒரு பங்கு. ஏரி வந்தது. வரப்பு வந்தது. மின்கம்பங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. தண்ணீரில் ஆரஞ்சு நிறம் கோடு போட்டிருந்தது. எனக்கு ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு படத்தின் நடுவே பார்த்தேன். ஒளியைக் கூட்டியதில் சூரியன் நிறம் போய், வெள்ளையாக, வட்டமாக, ஓரம் சற்றுக் கலங்கி நின்றது.

அதே வட்டம்.

தொப்பிக்காரர் சூரியனை நடுவில் வைக்காதீர்கள், ஓரமாக வையுங்கள் என்று சொல்லியிருந்தார். கேமராவை நகர்த்தினேன். வட்டம் இடது பக்கம் மேலே போனது. எக்ஸ்ரேயைப் பார்க்கிறவருக்கு ஆளின் வலது பக்கம் இடது கைப்பக்கம்தான் வரும். அதாவது மிகச் சரியாக அவருடைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டது. வலது பக்கம் தள்ளினேன். கீழே இறக்கினேன். எங்கே வைத்தாலும் எனக்கு அது ஒரு நெஞ்சுக்குள்தான் தெரிந்தது. எல்லாவற்றையும் அழித்தேன். சூரியன் படத்துக்குள் வராதபடி கேமராவைத் திருப்பி, ஏரியை மட்டும், வயலை மட்டும், கம்பங்களை மட்டும் எடுத்துத் தள்ளினேன். ஐம்பது அறுபது இருக்கும். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி, வீட்டுக்குள் நுழையும்போதே "இன்னைக்குச் சூப்பரா வந்துச்சுங்க" என்று குரல் கொடுத்தேன்.

வியாழக்கிழமை நான் பையை எடுக்கும்போது அவரும் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

"நானும் வரேன்."

"நூத்துப் பதினெட்டுப் படிங்க. உங்களால முடியாது."

"ஏன் முடியாது?"

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். படி ஏறும்போது முப்பதுக்கு ஒரு தடவை நின்றார். "படி ஏறாம பொழைக்கத்தான் லிஃப்ட் வேலையே கத்துக்கிட்டேன். கடைசியில இங்க கொண்டுவந்து விட்டுட்ட பாரு" என்றார். நான் அவர் மூச்சை எண்ணிக்கொண்டு பின்னால் வந்தேன்.

மேலே ஒரு பாறையில் உட்கார்ந்தார். நான் ஸ்டாண்டை விரித்தேன், மடக்கினேன், இடம் மாற்றினேன், கேமராவை மாட்டினேன், கழற்றி லென்ஸைத் துடைத்தேன். சூரியன் இறங்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

"எடுத்ததைக் காட்டேன்" என்றார்.

கேமராவைக் கொடுத்தேன். பொறுமையாக ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஏரி, வயல், கம்பம், ஏரி, வரப்பு. முதலிலிருந்து கடைசி வரை போய், மறுபடி முதலுக்கு வந்தார்.

"சூரியன் எங்க?"

"என்ன?"

"ரெண்டு நாளா சூரியன் மறையறதை எடுக்கப் போறேன்னு போற. ஒரு படத்துலயும் சூரியனைக் காணோமே."

"அது... நேரா எடுத்தா வெளுத்துப் போகுது. கத்துக்கிட்டுதானே இருக்கேன்" என்று மழுப்பினேன்.

அவர் கேமராவைப் பாறையில் வைத்தார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஆட்களிடம் பேசுகிற அதே குரலில், என்னைப் பார்க்காமல், ஏரியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எனக்கு ரெண்டு எடுத்த."

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"திங்கக்கிழமை. அசைஞ்சிட்டீங்கன்னு சொன்ன. நான் அசையலை. நீ யாருக்கும் ரெண்டாவது எடுக்க மாட்ட. இருபது வருஷமா சோறு போடறப்பெல்லாம் அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்க? எனக்கு ரெண்டு எடுத்த. அப்பவே தெரியும்."

ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டேன். மூன்று நாளாக நான் கட்டிக் காத்த ரகசியம், நான் பட்டனை இரண்டாம் தடவை அழுத்தியபோதே அவர் கைக்குப் போய்விட்டிருந்தது. எதை மறைக்க இத்தனை படி ஏறினேன்?

"வலது பக்கம், மேல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். "வலது பக்கம், மேல. காறை எலும்புக்குக் கீழ. சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம். ரெண்டு படத்துலயும் இருக்கு."

இத்தனை வருடத்தில் படத்தில் பார்த்ததை ஒருவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் தன் வலது கையால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒரு விரல் தள்ளி வைத்திருந்தார். நான் போய் அவர் விரலைச் சரியான இடத்தில் நகர்த்தி வைத்தேன்.

"இங்கயா? நான் இன்னும் கீழன்னு நினைச்சேன்" என்றார்.

"நினைச்சீங்களா?"

"நீ இங்க வந்த உடனே நான் என்ன பண்ணுவேன்னு நினைச்ச? டீவி பார்ப்பேன்னா? சட்டையைக் கழட்டிட்டுக் கண்ணாடி முன்னாடி நிப்பேன். வெளியிலருந்து பார்த்தா என்ன தெரியப் போகுது? உன்னோட பழைய பாடப் புத்தகத்தை எடுத்து, அதுல இருக்கிற படத்தையெல்லாம் பார்த்தேன். ஒண்ணும் புரியல. எல்லாமே என்னோடது மாதிரி இருந்துச்சு." அவர் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "நீ வந்ததும் கேட்கலாம்னு உட்கார்ந்திருப்பேன். நீ அபர்ச்சரு, ஷட்டருன்னு ஆரம்பிச்சிடுவ. ஒரு வார்த்தை நுழைய இடம் கொடுத்தியா?"

அவர் என்னிடம் கத்தி நான் பார்த்ததில்லை. கத்தியதில் இருமல் வந்துவிட்டது. முதுகைத் தடவப் போனேன், கையைத் தட்டிவிட்டார். இருமல் அடங்கும் வரை பக்கத்தில் நின்றேன்.

"உங்களுக்கு நாலு நாளாவது நிம்மதி இருக்கட்டும்னுதான்" என்றேன். சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது. "இல்ல. எனக்குப் பயமா இருந்துச்சு. உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. அதான் ஓடி ஓடி வந்தேன்."

சூரியன் வயலைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொப்பிக்காரர் சொன்ன அத்தனையும் கூடி வந்த சாயங்காலம். காற்று இல்லை, ஏரி ஆடவில்லை, மேகம் அளவாகச் சிவந்திருந்தது. கேமரா பாறையின் மேல் அணைந்து கிடந்தது. எடுக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

"அப்போ அதுதானா?" என்று கேட்டார்.

எதைக் கேட்கிறார் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்தது. அதை முழுங்கினேன்.

"பழைய தழும்பா இருக்கலாம். ஏதாவது கிருமியா இருக்கலாம். அதுவாவும் இருக்கலாம். தெரியலைங்க. சத்தியமா எனக்குத் தெரியல. நாளைக்கு அவர் பார்த்து, ஸ்கேன் எடுத்து, ஊசி விட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்தாதான் அவருக்கே தெரியும்."

"உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

அவர் நம்ப முடியாமல் என்னைப் பார்த்தார். பிறகு அவர் தோள் மெல்ல இறங்கியது. மூன்று நாளாக என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, எனக்கு எல்லாம் தெரியும், முடிந்துபோன ஒன்றைத்தான் நான் மறைக்கிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். அது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் பாறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தேன். இந்தத் தடவை அவர் கையைத் தட்டிவிடவில்லை.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். "ரெண்டு பேருமா சேர்ந்து தெரியாம இருந்திருப்போமே."